பல்தொகுதி மின்னேற்றம்

பல்தொகுதி மின்னேற்றம் என்பது, தனித்தனியே பயன்படும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பேட்டரித் தொகுதிகளை ஒரே மின்னேற்றியைக் கொண்டு மின்னேற்றும் முறையாகும். பொறி பூட்டிய படகுகள், பாய்மரப் படகுகள், தங்கும் வசதி கொண்ட ஊர்திகள் முதலியவற்றில் இம்முறை பரவலாகப் பயன்படுகிறது. இதில் தோன்றும் கோளாறுகள் ஒற்றைப் பேட்டரியில் தோன்றுவனவற்றிலிருந்து வேறுபட்டவை. ஒரு தொகுதியில் உள்ள பழுது அடுத்த தொகுதியில் வெளிப்படலாம். மின்னேற்றியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே ஒரு தொகுதி பல மாதங்களாகப் பட்டினி கிடக்கவும் கூடும். கரையிலிருந்து தொலைவில் பொறி கிளம்ப மறுக்கும் நாளில்தான் பலருக்கு இது தெரிய வருகிறது.

பேட்டரியும் தொகுதியும்

ஈய-அமில மின்கலம் ஒன்று ஏறத்தாழ 2.1 வோல்ட் மின்னழுத்தம் தரும். இத்தகைய ஆறு கலங்களைத் தொடராக இணைத்துப் பெறப்படும் மின்கல அடுக்கே பேச்சு வழக்கில் 12 வோல்ட் பேட்டரி எனப்படுகிறது. இக்கட்டுரையில் பேட்டரி என்ற சொல்லே ஆளப்படுகிறது. ஒரே சுமைக்கு ஒன்றாக மின்சாரம் வழங்குமாறு தொடராகவோ பக்க இணைப்பிலோ பிணைக்கப்பட்ட பேட்டரிகளின் கூட்டம் தொகுதி ஆகும்.

இவ்வேறுபாடு முக்கியமானது. தமிழ்நாட்டு வீடுகளில் இன்வெர்ட்டருடன் இரண்டு பேட்டரிகள் இருப்பதைக் காணலாம். அவை 24 வோல்ட் பெறுவதற்காகத் தொடராக இணைக்கப்பட்டவை எனில், எண்ணிக்கை இரண்டானாலும் தொகுதி ஒன்றே. மாறாக, ஒரு படகில் பொறியைக் கிளப்ப ஒரு பேட்டரியும், விளக்கு, குளிர்பெட்டி, வானொலி ஆகியவற்றுக்கு வேறு இரண்டு பேட்டரிகளும் இருந்தால் அங்கு தொகுதிகள் இரண்டு.

தொகுதிகளைப் பிரித்து வைப்பதன் காரணம்

1859 இல் பிரான்சு நாட்டு இயற்பியலாளர் காஸ்டன் பிளாண்டே ஈய-அமில மின்கலத்தை உருவாக்கினார். 1912 இல் காடிலாக் தானுந்துகளில் மின் தொடக்கி பொருத்தப்பட்ட பின்னர், பொறியைக் கிளப்புவது பேட்டரியின் முதன்மையான வேலைகளுள் ஒன்றாயிற்று. இவ்வேலைக்குச் சில நொடிகளுக்கு மட்டும் நூற்றுக்கணக்கான ஆம்ப்பியர் தேவை. ஆகவே தொடக்கப் பேட்டரிகளில் மெல்லிய தகடுகள் பல அமைக்கப்படுகின்றன. குளிர்பெட்டி போன்ற சுமைகளோ சில ஆம்ப்பியரைப் பல மணி நேரம் கேட்பவை. இவற்றுக்குத் தடித்த தகடுகள் கொண்ட ஆழ்சுழற்சிப் பேட்டரிகள் ஏற்றவை.

இரவு முழுதும் விளக்கு எரிந்தாலும் காலையில் பொறி கிளம்ப வேண்டும் என்பதே பிரிவினையின் நோக்கம். மின்னேற்றும் நேரத்தில் தொகுதிகள் சேர்ந்திருக்க வேண்டும். மின்னிறக்கத்தின்போது பிரிந்திருக்க வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இவ்விரு தேவைகளையும் ஒரே கம்பிப் பிணைப்பில் நிறைவேற்ற முயல்வதே இவ்வகைக் கோளாறுகள் பலவற்றின் வேர்.

மின்னேற்றத்தின் நிலைகள்

தற்காலத் தானியங்கி மின்னேற்றிகள் பெரும்பாலும் மூன்று நிலைகளில் இயங்குகின்றன. முதல் நிலையில் தம்மால் இயன்ற முழு மின்னோட்டத்தையும் தருகின்றன. மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட்டை எட்டியதும் அதை அங்கேயே நிறுத்தி வைக்கின்றன; மின்னோட்டம் படிப்படியாகக் குறைகிறது. இது உறிஞ்சு நிலை எனப்படும். பின்னர் 13.5 வோல்ட் அளவிலான மிதப்பு நிலைக்கு இறங்குகின்றன. இவ்வெண்கள் 12 வோல்ட் ஈய-அமிலப் பேட்டரிக்கு உரியவை. பேட்டரியின் வகைக்கும் உற்பத்தியாளருக்கும் ஏற்பச் சற்று மாறும்.

இங்கு கவனிக்க வேண்டியது ஒன்று. எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதை மின்னேற்றி தன் முனையங்களில் உள்ள மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் கொண்டே முடிவு செய்கிறது. தனி உணர்வுக் கம்பி இல்லாத மின்னேற்றிக்கு ஐந்து மீட்டர் தொலைவில் உள்ள பேட்டரியின் உண்மை நிலை தெரியாது. மேலும், மூன்று வெளியீடுகள் கொண்டதாக விற்கப்படும் மின்னேற்றிகள் பலவற்றின் உள்ளே இருப்பது ஒரே மின்மாற்றுச் சுற்று. வெளியீடுகள் மட்டுமே மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு வெளியீட்டையும் தனித்தனியே கட்டுப்படுத்தும் மின்னேற்றிகளும் உள்ளன. கையில் உள்ளது எவ்வகை என்பதைக் கையேட்டில் பார்த்தறியாமல் கோளாறு தேடுவது வீண் வேலை.

பிரிக்கும் முறைகளும் அவற்றின் இயல்பான குறைகளும்

மிகப் பழைய முறை கைத் திருகு மாற்றி. இதில் 1, 2, இரண்டும், நிறுத்தம் என நான்கு நிலைகள் இருக்கும். இது எளியது, நம்பகமானது, மனிதரின் நினைவாற்றலை மட்டுமே சார்ந்தது. பொறியை நிறுத்திய பின் மாற்றியை ‘இரண்டும்’ என்ற நிலையிலேயே விட்டுவிட்டால் இரு தொகுதிகளும் சேர்ந்தே வடிந்துவிடும். பொறி ஓடும்போது மாற்றியை ‘நிறுத்தம்’ நிலைக்குத் திருப்பினால் ஆல்ட்டர்னேட்டரின் டயோடுகள் பழுதாகக் கூடும். கருவிகளைக் கழற்றும் முன் இந்த மாற்றி எந்த நிலையில் இருந்தது என்று கேட்டறிவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

இரண்டாவது முறை டயோடுப் பிரிப்பான். டயோடு மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடுவதால், மின்னேற்றியிலிருந்து இரு தொகுதிகளுக்கும் மின்சாரம் செல்லும். ஒரு தொகுதியிலிருந்து மற்றதற்குச் செல்லாது. இதற்குரிய விலை 0.6 முதல் 0.7 வோல்ட் வரையிலான மின்னழுத்த வீழ்ச்சி. மின்னேற்றி 14.4 வோல்ட் தந்தாலும் பேட்டரிக்குச் சேர்வது 13.7 அளவே. ஷாட்கி வகை டயோடுகளில் இவ்வீழ்ச்சி குறைவு. மின்புல விளைவு டிரான்சிஸ்டர்களைக் கொண்ட பிரிப்பான்களில் இது புறக்கணிக்கத்தக்க அளவே. டயோடுப் பிரிப்பானைப் புதிதாகப் பொருத்தியதும் ஆல்ட்டர்னேட்டர் வேலை செய்யாமல் போவதும் உண்டு. சிலவகை ஆல்ட்டர்னேட்டர்கள் தம் வெளியீட்டு முனையில் பேட்டரியின் மின்னழுத்தத்தை உணர்ந்தால்தான் இயங்கத் தொடங்கும். டயோடு அதைத் தடுத்துவிடுகிறது. ஆல்ட்டர்னேட்டர் பழுதென்று கருதி மாற்றுபவர்கள் புதியதும் இயங்காததைக் கண்டு குழம்புவர்.

மூன்றாவது முறை மின்னழுத்தம் உணரும் ரிலே. ஒரு தொகுதியின் மின்னழுத்தம் ஏறத்தாழ 13.3 வோல்ட்டைத் தாண்டினால் இது இரு தொகுதிகளையும் இணைக்கும். 12.8 அளவுக்கு இறங்கினால் பிரிக்கும். பெரிய தொகுதி ஒன்று வெறுமையாக இருந்தால், இணைந்தவுடன் அது மின்னழுத்தத்தைக் கீழே இழுக்க, ரிலே விலகும். விலகியதும் மின்னழுத்தம் ஏற, மீண்டும் இணையும். ‘டிக் டிக்’ என்ற ஓசை தொடர்ந்து கேட்டால் காரணம் இதுவாக இருக்கலாம். ரிலேயின் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொள்வது இதைவிடத் தீங்கானது, ஏனெனில் அதற்கு ஓசையே இல்லை.

நான்காவது, நேர்மின்னோட்டத்திலிருந்து நேர்மின்னோட்டத்துக்கு மாற்றும் தனி மின்னேற்றி. இது ஒரு தொகுதியிலிருந்து மின்சாரம் எடுத்து அடுத்த தொகுதிக்குத் தேவையான மின்னழுத்தத்தில் தருகிறது. விலை கூடியது. ஆயினும் இரு தொகுதிகளும் வெவ்வேறு வேதியியல் வகையைச் சேர்ந்தவையாக இருக்கும்போது முறையான தீர்வு பெரும்பாலும் இதுவே.

கோளாறு கண்டறிதல்

தேவையான கருவிகள் ஓர் இலக்கப் பன்னளவியும், நேர்மின்னோட்டத்தை அளக்கவல்ல கவ்வு மின்னோட்டமானியும் ஆகும். வீட்டு மின்னிணைப்புக்கென விற்கப்படும் மலிவான கவ்வுமானிகள் பல மாறுமின்னோட்டத்தை மட்டுமே அளப்பவை. அவை இங்கு பயன்படா.

முதலில் ஓய்வுநிலை மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். மின்னேற்றியையும் சுமைகளையும் நிறுத்திப் பல மணி நேரம் கழித்து ஒவ்வொரு தொகுதியையும் தனியே அளந்தால், முழுதும் மின்னேறிய ஈய-அமிலப் பேட்டரி 12.6 முதல் 12.7 வோல்ட் வரை காட்டும். பாதி நிலையில் 12.2 அளவும், 11.9 க்குக் கீழே ஏறக்குறைய வெறுமையும் ஆகும். மின்னேற்றியை நிறுத்திய உடனே அளந்தால் மேற்பரப்பில் தங்கிய மின்னேற்றத்தால் 13 வோல்ட்டுக்கு மேலும் காட்டலாம். அதை நம்பிப் படகை எடுத்துச் சென்று ஏமாந்தவர் பலர்.

ஓய்வு நிலையில் 10.5 வோல்ட் அளவு காட்டும் பேட்டரியில் பெரும்பாலும் ஒரு கலம் உட்குறுக்காகிச் செயலிழந்துள்ளது எனலாம். ஐந்து கலங்களின் கூட்டுத்தொகையே அது. மூடி திறக்கவல்ல பேட்டரியாயின் ஒப்படர்த்திமானியால் இதை உறுதி செய்யலாம். முழுதும் மின்னேறிய அமிலத்தின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.265. ஒரு கலம் மற்றவற்றைவிட 0.050 அளவுக்கு மேல் குறைந்திருந்தால் அக்கலம் கெட்டது.

இத்தகைய பேட்டரி பல்தொகுதி அமைப்பில் செய்யும் கேடு பெரியது. ஆறு கலங்களுக்கென அளிக்கப்படும் 14.4 வோல்ட் ஐந்து கலங்களின் மீது விழுவதால், ஒவ்வொன்றும் 2.88 வோல்ட்டைத் தாங்க நேர்கிறது. அமிலம் கொதிப்பது போல் வாயு வெளிவரும், பேட்டரி சூடேறும். மின்னோட்டம் குறையாததால், ஒற்றை மின்மாற்றுச் சுற்றுக் கொண்ட மின்னேற்றி உறிஞ்சு நிலையை விட்டு இறங்காமலே இருக்கக்கூடும். அப்போது அருகில் உள்ள நல்ல தொகுதியும் தேவைக்கு மேல் மின்னேற்றப்பட்டு நீரை இழக்கும். நீர் அடிக்கடி குறைவது நல்ல தொகுதியில். பழுது இருப்பதோ வேறு தொகுதியில். நீர் குறையும் பேட்டரியை மட்டும் மாற்றினால் சில மாதங்களில் புதிய பேட்டரிக்கும் அதே கதி நேரும்.

அடுத்து மின்னேற்றியை இயக்கி, அதன் வெளியீட்டு முனையங்களிலும், அந்தந்தப் பேட்டரியின் முனைகளிலும் மின்னழுத்தத்தை அளந்து ஒப்பிட வேண்டும். அளவியின் ஊசியைப் பேட்டரியின் ஈய முனையின் மீதே வைக்க வேண்டும். அதைக் கவ்வியிருக்கும் லக்கின் மீது வைத்தால் லக்குக்கும் முனைக்கும் இடையே உள்ள பழுது மறைந்துவிடும். வெண்பச்சை நிற உப்புப் படிவு அங்கேதான் முதலில் தோன்றும்.

மின்னேற்றி முனையத்தில் 14.4 வோல்ட் இருந்து, பேட்டரியில் ஓய்வுநிலை அளவே தொடர்ந்தால் வழியில் எங்கோ இணைப்பு அறுந்துள்ளது. உருகி, கழன்ற லக், விட்டுப்போன எதிர்முனை வடம் ஆகியவற்றை இந்த வரிசையில் பார்க்கலாம். எதிர்முனை வடம் பெரும்பாலும் மறக்கப்படுகிறது. பல மின்னேற்றிகளில் நேர்முனை வெளியீடு மூன்றாகவும் எதிர்முனை ஒன்றாகவும் இருக்கும். எல்லாத் தொகுதிகளின் எதிர்முனைகளும் தமக்குள் பிணைக்கப்பட்டிருந்தால்தான் சுற்று முழுமை பெறும். புதிதாகச் சேர்க்கப்பட்ட மூன்றாவது தொகுதி மின்னேறவில்லை என்றால் இதை முதலில் ஐயுறலாம்.

பேட்டரி இணைக்கப்படாத வெளியீட்டு முனையத்தில் காணும் மின்னழுத்தத்தை நம்பலாகாது. பிரிப்பானின் கசிவு மின்னோட்டத்தால் அங்கே முழு மின்னழுத்தம் தெரியலாம். சில மின்னேற்றிகள் பேட்டரி இருப்பதை உணர்ந்தால்தான் வெளியீட்டைத் திறக்கும் என்பதால் ஒன்றுமே தெரியாமலும் போகலாம். இரண்டுமே பழுதின் அடையாளம் அல்ல. அளவுகடந்து வடிந்துபோன பேட்டரியையும் இத்தகைய மின்னேற்றி ‘இல்லை’ என்றே கொள்ளும்.

மின்னழுத்த வீழ்ச்சியைப் பகுத்தறிதல்

ஐயம் எழுவது பேட்டரியில் மின்னழுத்தம் ஓரளவு ஏறி, ஆனால் போதாமல் நிற்கும்போதுதான். ஒரு படகைக் கருதுவோம். மின்னேற்றி பின்புறத்தில், பொறியருகே உள்ளது. முன்முனையில் உந்துவிசிறிக்கான தொகுதி ஒன்று ஐந்து மீட்டர் தொலைவில், 6 சதுர மில்லிமீட்டர் செப்பு வடத்தால் இணைக்கப்பட்டுள்ளது. மின்னேற்றி முனையத்தில் 14.4 வோல்ட், முன்முனைப் பேட்டரியில் 13.5 வோல்ட், வடத்தில் ஓடுவது 20 ஆம்ப்பியர். எனவே 0.9 வோல்ட் வழியில் தொலைகிறது.

செம்பின் தன்தடையை ஒரு மீட்டர் நீளத்துக்கும் ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்களவுக்கும் 0.0175 ஓம் எனக் கொண்டால், போகவர 10 மீட்டர் வடத்தின் தடை 0.029 ஓம். 20 ஆம்ப்பியருக்கு வீழ்ச்சி 0.58 வோல்ட், அதாவது ஒவ்வொரு வழிக்கும் 0.29. ஆகவே 0.9 முழுவதற்கும் வடம் மட்டும் காரணமல்ல. இப்போது அளவியின் ஓர் ஊசியை மின்னேற்றியின் நேர்முனையிலும், நீட்டிப்புக் கம்பி கொண்டு மற்றதைப் பேட்டரியின் நேர்முனையிலும் வைத்தால் 0.6 வோல்ட் காட்டுகிறது. எதிர்முனை வழியில் அதே அளவீடு 0.3. எதிர்வழி கணக்குக்கு ஒத்துவருகிறது, நேர்வழியில் 0.3 வோல்ட் கூடுதல். நேர்வழியில் உள்ள உருகிப் பிடிப்பானின் இருபுறமும் ஊசிகளை வைத்தால் அந்த 0.3 அங்கே கிடைக்கிறது. 20 ஆம்ப்பியரில் இது 6 வாட் வெப்பம், தொட்டாலே சுடும். உட்புறம் அரித்த பிடிப்பானை மாற்றி, வடத்தையும் 16 சதுர மில்லிமீட்டராக உயர்த்தினால் மொத்த வீழ்ச்சி 0.22 வோல்ட்டாகக் குறையும்.

வீழ்ச்சி மின்னோட்டத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், பேட்டரி நிறைய நிறைய மின்னோட்டம் குறைந்து வீழ்ச்சியும் மறையும் என்ற வாதம் உண்டு. அது சரியே. ஆனால் மின்னேற்றி அதுவரை காத்திருப்பதில்லை. தன் முனையத்தில் 14.4 கண்டதும் உறிஞ்சு நிலையின் நேரத்தைக் கணக்கிடத் தொடங்கி, நேரம் முடிந்ததும் மிதப்பு நிலைக்கு இறங்குகிறது. தொலைவில் உள்ள தொகுதி ஒவ்வொரு முறையும் அரைகுறையாகவே நிற்கிறது. குறைமின்னேற்றத்தில் கிடக்கும் தகடுகளில் ஈய சல்பேட்டு படிகங்கள் கெட்டிப்பட்டுக் கொள்ளளவு நிரந்தரமாகக் குறைகிறது.

இதே பண்பைக் கொண்டு வடத்தின் பழுதையும் டயோடின் இயல்பையும் வேறுபடுத்தலாம். மின்னோட்டம் மிகுதியாக உள்ளபோது ஒரு முறையும், இரண்டு மூன்று ஆம்ப்பியராகக் குறைந்தபின் ஒரு முறையும் வீழ்ச்சியை அளக்க வேண்டும். ஏறக்குறைய மறைந்துவிட்டால் குறை வடத்திலோ இணைப்பிலோ உள்ளது. அரை வோல்ட் அளவுக்குக் குறையாமல் நின்றால் வழியில் டயோடு உள்ளது. அது பழுதல்ல, இயல்பு. மின்னேற்றியில் டயோடு ஈடுசெய்யும் தெரிவு இருந்தால் அதை அமைக்கலாம், அல்லது உணர்வுக் கம்பியைப் பேட்டரி முனையிலேயே இணைக்கலாம்.

மின்னேற்றியில் 14.4 வோல்ட்டை மிக விரைவில் எட்டிவிட்டு, பொறியைக் கிளப்பும்போது சரிந்துவிடும் தொகுதி சல்பேட்டு படிந்து கொள்ளளவை இழந்த ஒன்றாக இருக்கலாம். இது நிறைந்த பேட்டரி போலவே தோற்றமளிக்கும். ஓய்வுநிலை மின்னழுத்தம் இதைக் காட்டிக்கொடுக்காது. சுமைச் சோதனைதான் காட்டும்.

ஒட்டிக்கொண்ட ரிலேயை அறிதல்

மின்னேற்றியை நிறுத்தி, மேற்பரப்பு மின்னேற்றம் தணியும்வரை காத்திருந்து, பயன்பாட்டுத் தொகுதியில் மட்டும் ஒரு சுமையை இயக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் அதன் மின்னழுத்தம் இறங்க, தொடக்கத் தொகுதியும் கூடவே இறங்கினால் ரிலே பிரியவில்லை. காத்திருக்காமல் சோதித்தால், 12.8 வோல்ட்டுக்கு மேல் ரிலே முறைப்படியே இணைந்திருப்பதைப் பழுதெனத் தவறாகக் கொள்ள நேரும்.

வெப்பநிலை

ஈய-அமிலக் கலத்துக்குத் தேவையான மின்னேற்ற அழுத்தம் ஒரு பாகை செல்சியசு உயர்வுக்கு ஏறத்தாழ 4 மில்லிவோல்ட் குறைகிறது. 12 வோல்ட் பேட்டரிக்கு இது 24 மில்லிவோல்ட். வெப்ப உணரி பெரும்பாலும் ஒன்றே இருக்கும். பொறியறையில் 45 பாகையில் ஒரு தொகுதியும் முன்முனையில் 15 பாகையில் மற்றொன்றும் இருந்தால், இரண்டுக்கும் தேவையான மின்னழுத்தம் 0.72 வோல்ட் வேறுபடும். உணரியை எதன்மீது ஒட்டினாலும் மற்றதற்கு அநீதியே. கூடுமானவரை தொகுதிகளை ஒரே வெப்பநிலையில் வைப்பது தவிர எளிய தீர்வில்லை.

தொடரிணைப்பில் உள்ள கண்ணி

இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக்கி 24 வோல்ட்டில் இயக்கும் படகுகளில், ஒவ்வொரு பேட்டரிக்கும் ஒரு வெளியீடு என மின்னேற்றியை இணைக்கும் வழக்கம் உண்டு. வெளியீடுகள் ஒன்றுக்கொன்று முற்றிலும் காப்பிடப்பட்டவையாயின் இது சரி. எதிர்முனை பொதுவாக உள்ள மின்னேற்றியில் இவ்வாறு செய்தால், மேலுள்ள பேட்டரியின் எதிர்முனை மின்னேற்றியின் வழியே கீழுள்ள பேட்டரியின் எதிர்முனையுடன் சேர்ந்துவிடும். முன்னது கீழுள்ள பேட்டரியின் நேர்முனையும் ஆதலால் அப்பேட்டரி குறுக்குச்சுற்றாகிறது. உருகி இல்லையெனில் வடம் தீப்பிடிக்கும்.

லித்தியம் பேட்டரியைச் சேர்த்தல்

லித்தியம் இரும்பு பாசுபேட்டுப் பேட்டரிகள் 12.8 வோல்ட் பெயரளவு கொண்டவை; நான்கு கலங்கள் தொடராக உள்ளவை. நிறைந்த நிலையில் ஓய்வு மின்னழுத்தமே 13.3 வோல்ட் அளவில் இருப்பதால், மேற்கூறிய ரிலே எப்போதும் இணைந்தே கிடக்க வாய்ப்புண்டு. இவற்றின் அகத்தடை மிகக் குறைவு. ஆகவே ஆல்ட்டர்னேட்டரிலிருந்து முழு மின்னோட்டத்தையும் நெடுநேரம் இழுத்து அதைச் சுடவைக்கும். பாதுகாப்புச் சுற்று திடீரெனத் துண்டித்துக்கொண்டால், எழும் மின்னழுத்தத் துடிப்பு டயோடுகளைக் கெடுக்கும். பழைய ஈய-அமிலத் தொகுதி ஒன்றை மட்டும் லித்தியமாக மாற்றிவிட்டு, மற்றவற்றை அப்படியே விடுவது ஏற்கத்தக்கதன்று.

பாதுகாப்பு

மின்னேறும் ஈய-அமிலப் பேட்டரி ஐதரசன் வாயுவை வெளியிடுகிறது. காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே இது தீப்பற்றும். ஆகவே இணைப்பைக் கழற்றும் முன் மின்னேற்றியை நிறுத்தி, பேட்டரி அறையைத் திறந்து காற்றோட்டம் தர வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது ஐதரசன் சல்பைடு. மிகை மின்னேற்றத்தின் அடையாளம். சோதனையைத் தொடராமல் மின்னேற்றியை நிறுத்தி, வெளியே வந்து, பேட்டரி ஆறிய பின்னரே அருகில் செல்ல வேண்டும். மோதிரம், கைச்சங்கிலி ஆகியவற்றைக் கழற்றிவிடுவது நன்று. கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், பூட்டும்போது அதைக் கடைசியிலும் கையாள வேண்டும்.

ஒவ்வொரு நேர்முனை வடத்திலும் பேட்டரிக்கு அருகிலேயே உருகி இருக்க வேண்டும். அமெரிக்கப் படகுத் தர அமைப்பின் விதி பொதுவாக இத்தொலைவை 7 அங்குலமாக வரையறுக்கிறது. மின்னேற்றியின் உள்ளே உருகி இருப்பது போதாது. வடம் நசுங்கினால் மின்னோட்டம் பாய்வது மின்னேற்றியிலிருந்து அல்ல, பேட்டரியிலிருந்து.